ஐஸ் ஹவுஸ் பள்ளிக்கூடம்: சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்க்கை



காலாண்டுக்கு ஒருவர் என்று மறைந்த பெரியவர்களின் வாழ்க்கையை இந்தப் பகுதியில் சுருக்கி எழுதி வருகிறேன். இந்த முறை யாரை எழுதுவது என்று யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. பள்ளி திறக்கும் நாட்கள் என்பதால் நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரமாக ஒரே விவாதம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெண் குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? வாய்ப்பாடு, கையெழுத்து, மனப்பாடம், இரட்டைச் சடை, கட்டுப்பாடு என்று இருக்கும் பழைய மாதிரிப் பெண்கள் பள்ளியா? அல்லது அத்திப்பள்ளி தாண்டிப் பேருந்தில் அனுப்பி, செயல்வழிக் கல்வி, புராஜெக்ட், குழு விவாதம் என்று நடத்தும் புது மாதிரிப் பள்ளியா? தாத்தா பாட்டிகள் ஒரு கட்சி, இளம் பெற்றோர் ஒரு கட்சி. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழிகள் புழங்குவதால் விவாதத்துக்கு இன்னும் நான்கு கிளைகள்.

இதே கேள்வியை நூறு வருடங்களுக்கு முன்பே, இதைவிடப் பல மடங்கு கடினமான நிலையில், கையில் எடுத்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் வட்ட வடிவமாக ஒரு பழைய கட்டடம் இருக்கிறதே, இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ், அங்கே அவர் பெண்களைப் படிக்க வைத்தார். அவர்தான் சகோதரி ஆர். எஸ். சுப்பலட்சுமி.

பதினொரு வயதில் முடிந்ததாகச் சொல்லப்பட்ட வாழ்க்கை

சுப்பலட்சுமி 1886ஆம் வருடம் ஆகஸ்ட் 18ஆம் தேதி மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் பொறியாளர், தாய் விசாலாட்சி. குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். சின்ன வயதிலேயே படிப்பில் சூட்டிகை. ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதி, செங்கல்பட்டு மாவட்டம் முழுவதிலும் முதலாவதாக வந்தார்.

அதோடு படிப்பு நின்றது. அந்தக் கால வழக்கப்படி பதினொரு வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். சில காலத்திலேயே கணவர் இறந்துபோனார். கல்யாணம் என்றால் என்ன என்றே விளங்காத வயதில் விதவை என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்போதைய பிராமணக் குடும்பங்களில் இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எழுதி வைத்த மாதிரி. தலையை மழித்து, வெள்ளைப் புடவை உடுத்தி, ஒரு வேளைச் சாப்பாட்டோடு அடுப்படியில் ஆயுள் முழுவதும் கிடக்க வேண்டும். நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது. தெருவில் எதிரே வந்தால் அபசகுனம். 1856லேயே விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தது, வழக்கம் வீட்டில் இருந்தது.

சுப்பலட்சுமியின் தகப்பனார் இதற்கு இணங்கவில்லை. மகளின் முடியில் கை வைக்க விடவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். குடும்பம் மயிலாப்பூரை விட்டு எழும்பூருக்குக் குடிபெயர்ந்தது. அதே வீட்டில் இளம் வயதிலேயே விதவையான சித்தி ஒருவர் இருந்தார். தனக்குக் கிடைக்காதது இந்தப் பெண்ணுக்காவது கிடைக்கட்டும் என்று அவர் துணை நின்றார். பின்னாளில் சுப்பலட்சுமி நடத்திய விடுதிக்கும் இந்தச் சித்திதான் பெரிய பலம்.

வீட்டுப் படிப்புக்குப் பிறகு கிறிஸ்தவக் கன்னியர் நடத்திய பிரெசென்டேஷன் கான்வென்ட், அதன் பின் பிரெசிடென்சி கல்லூரி. 1911இல் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை அவரே. ஆண்கள் நிறைந்த கல்லூரிக்கு ஒரு பிராமண விதவைப் பெண் போய் வந்ததை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டு பற்றாக்குறை, ஒரே வழி

வங்கியில் 35 வருடம் கணக்கு எழுதியவன் என்பதால் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அன்று அரசாங்கத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. பெண்கள் பள்ளிகளைத் திறக்கலாம், ஆனால் பாடம் சொல்லப் பெண் ஆசிரியர்கள் இல்லை. ஆண் வாத்தியாரிடம் வயதுக்கு வரப்போகும் பெண்ணை அனுப்ப எந்தப் பெற்றோரும் தயாராக இல்லை. கல்யாணமான பெண்கள் வேலைக்கு வர மாட்டார்கள். அதனால் பெண் கல்வி ஆரம்ப வகுப்புகளோடு நின்றுகொண்டிருந்தது.

சமூகத்துக்கு இன்னொரு சிக்கல். ஆயிரக்கணக்கான குழந்தை விதவைகள் எந்த எதிர்காலமும் இல்லாமல் வீட்டு மூலைகளில் கிடந்தார்கள்.

இரண்டையும் எதிர் எதிரே வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று விடையாகும் என்று கண்டவர்கள் சுப்பலட்சுமியும், மாகாணக் கல்வித் துறையில் பெண் கல்விக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற அதிகாரியும். இளம் விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியைகள் ஆக்கினால், அவர்களுக்குச் சொந்தச் சம்பளம் கிடைக்கும், ஊர்ப் பெண் குழந்தைகளுக்கு ஆசிரியை கிடைப்பார்.

1912இல் சுப்பலட்சுமி சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு எழும்பூரில் தன் வீட்டிலேயே ஒரு சில இளம் விதவைகளை வைத்துக்கொண்டு படிக்க வைக்க ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 26. பெண்களின் எண்ணிக்கை கூடக் கூட இடம் போதாமல் விடுதி திருவல்லிக்கேணிக்கு மாறியது, பிறகு ஐஸ் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கட்டடத்துக்கே தனிக் கதை உண்டு. 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கினார். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கிப் பேசினார். 1917இல் அரசாங்கம் அதை வாங்கி விதவைகள் விடுதிக்கு ஒதுக்கியது. ஐஸ் வைத்த இடத்தில் பெண்கள் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள்.

வீட்டில் பழசு, வகுப்பில் புதுசு

இப்போது நம் வாட்ஸ்அப் விவாதத்துக்கு வருவோம். சுப்பலட்சுமி பழமையா, புதுமையா?

விடுதியின் அன்றாட வாழ்க்கையைப் பார்த்தால் அசல் பழமை. மடி ஆசாரம், பூஜை, விரதம், சைவச் சமையல், எளிய உடை என்று எதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரே கடைசி வரை வெள்ளைப் புடவையில்தான் இருந்தார். மறுமணத்தை விடுதியின் கொள்கையாக முன்வைக்கவும் இல்லை.

வகுப்பறைக்குள் பார்த்தால் அசல் புதுமை. கணக்கு, விஞ்ஞானம், ஆங்கிலம், ஆசிரியப் பயிற்சி. தலையை மழிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. படித்து முடித்து வேலைக்குப் போவதுதான் குறிக்கோள்.

இது ஏன் இப்படி என்பதற்கு பம்பாய்ப் பக்கம் நடந்த ஒரு சம்பவம் நல்ல விளக்கம். பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற இல்லத்தைத் திறந்தார். மறு வருடம் அது புனேக்கு மாறியது. ரமாபாய் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியவர். இல்லத்துப் பெண்களும் மதம் மாறுகிறார்கள் என்ற புகார் கிளம்பி, 1893இல் பல பெற்றோர்கள் தங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரமாபாயின் அறிவையும் துணிவையும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெண்கள் வீடு திரும்பிவிட்டால் பாடம் யாருக்கு நடத்துவது? அதே புனேயில் பிறகு 1896இல் விதவைகள் இல்லம் தொடங்கிய கார்வே, தன் சொந்த வாழ்க்கையில் ஒரு விதவையை மணந்தவராக இருந்தும், இல்லத்தில் கல்விக்குத்தான் முதலிடம் கொடுத்தார்.

சுப்பலட்சுமியும் அதே கணக்கைத்தான் போட்டார் என்று நினைக்கிறேன். ஒரு கிராமத்து அப்பா தன் பதிமூன்று வயது விதவைப் பெண்ணைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றால், அவர் முதலில் கேட்பது பாடத்திட்டத்தை அல்ல. அங்கே யார் சமைக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள், ஊர் என்ன சொல்லும் என்பதைத்தான். அந்தக் கேள்விகளுக்குப் பழைய முறையில் பதில் சொல்லிவிட்டதால், பாடத்தில் அவர் என்ன புதுமை செய்தாலும் பெற்றோர் தடுக்கவில்லை. பழமை அவருக்குக் கதவைத் திறந்து கொடுத்தது. உள்ளே வந்த பெண் வெளியே போகும்போது சம்பளம் வாங்கும் ஆசிரியையாகப் போனாள்.

கற்பிக்கும் முறையிலும் அவர் இடைவழி கண்டவர். 1922இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வர் ஆனார். பட்டதாரிகளுக்கு, உயர்நிலைப் பள்ளி ஆசிரியைகளுக்கு, ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளுக்கு என்று மூன்று நிலைகளில் அங்கே பயிற்சி. கூடவே ஒரு பயிற்சிப் பள்ளி. அதாவது ஆசிரியை ஆகப் போகிறவர், கற்பிக்கும் முறையைப் பற்றிப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது. உண்மையான குழந்தைகள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும், மூத்த ஆசிரியை பின்னால் உட்கார்ந்து கவனிப்பார். எந்த முறை குழந்தைக்கு ஏறுகிறது, எது ஏறவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்கும் கைத்தொழிலுக்கும் முக்கியத்துவம் இருந்தது. வங்கியில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவை மூத்தவர் பக்கத்தில் உட்கார வைத்துப் பேரேடு எழுத விடுவது போலத்தான். விதிமுறைப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர் எல்லாம் கவுன்டரில் நின்றுவிட முடியாது.

கணக்கின் மறுபக்கம்

ஒரு வாழ்க்கையை எழுதும்போது வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டுவிட்டால் ஐந்தொகை ஒத்துவராது. பழமையோடு சமரசம் செய்துகொண்டதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். ஆசாரம் தவறாது என்ற நம்பிக்கையில்தான் பெற்றோர் அனுப்பினார்கள் என்பது காரணம். ஆனால் அதே காரணத்தால் மற்ற சாதிப் பெண்களுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. இதற்காக அன்றும் விமர்சனம் வந்தது, இன்றும் வருகிறது. அந்த விமர்சனம் நியாயமானதே.

அதே 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வேறு வழியில் போனார். சாதி பார்த்துச் சேர்க்கும் விடுதிகளில் இடம் கிடைக்காத பெண்களுக்காக 1930 வாக்கில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். இருவரும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே நோக்கத்துக்காக உழைத்தவர்கள். ஒருவர் வழக்கத்தின் வழியாக நுழைந்தார், மற்றவர் வழக்கத்தை எதிர்த்து நின்றார். இருவரில் ஒருவர் மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சுப்பலட்சுமியும் அரசு விடுதியோடு நின்றுவிடவில்லை. வயது கூடிய விதவைகளுக்கு அங்கே இடம் இல்லை என்றபோது அவர்களுக்காகச் சாரதா ஆசிரமத்தை ஏற்படுத்தினார். ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்தில் இருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். 1927இல் சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்யாலயா தொடங்கியது. அது 1938இல் ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டு, பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

அரசு வேலையில் இருந்ததால் அரசியலில் இறங்க அவருக்கு வழியில்லை. ஆனாலும் குழந்தைத் திருமணத்துக்கு எதிராக வேலை செய்தார். 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைக் குறைந்தது 14 ஆக்கியது. பதினொரு வயதில் மணமான ஒருவர் அந்தச் சட்டத்துக்காகப் பேசியதைவிடப் பெரிய சாட்சியம் வேறு என்ன வேண்டும்?

ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் இன்னும் வேகமாக வேலை செய்தார். நம்மில் ஓய்வு பெற்றவர்கள் கொஞ்சம் கவனிக்கலாம். 1942இல் மயிலாப்பூரில், படிப்பை இடையில் விட்ட பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற பள்ளியைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர். 1954இல் தாம்பரம் அருகே மாடம்பாக்கத்தில் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம். மயிலாப்பூர் லேடீஸ் கிளப் மூலமாக உருவாகி, 1956இல் வித்யா மந்திர் என்று பெயர் பெற்ற பள்ளியின் தொடக்கத்திலும் அவருடைய பங்கு உண்டு. ஆங்கில அரசு 1920இல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. சுதந்திர இந்தியா 1958இல் பத்மஸ்ரீ கொடுத்தது. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி அன்று, 83ஆவது வயதில் காலமானார்.

நம் ஊருக்கு இதில் என்ன?

இதைச் சென்னைக் கதை என்று தள்ளிவிட முடியாது. சுப்பலட்சுமி பள்ளி தொடங்கிய காலத்தில் ஓசூர் சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி ஓசூர் அரசுப் பள்ளியில் படித்துத்தான் மேலே போனார். அவர் போன வழியில் அன்று இந்த ஊர்ப் பெண் யாரும் போயிருக்க முடியாது.

இன்று நிலைமை தலைகீழ். நான் ஓசூர்க் கிளையில் வேலை பார்த்த கடைசி வருடங்களில் கவுன்டரில் பார்த்ததைச் சொல்கிறேன். தொழிற்சாலைப் பெண்கள் பத்து, பதினைந்து பேராகச் சம்பளக் கணக்கு திறக்க வருவார்கள். கைக்கடிகாரம் முதல் செல்போன் பாகம் வரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்கள் கை படாத பொருள் இல்லை. ஒரு பெண் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடுவதையும், கூட வந்த அம்மா கைநாட்டு வைப்பதையும் ஒரே படிவத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப் பக்கத்திலிருந்து குழந்தைத் திருமணச் செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2006ஆம் வருடச் சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது நிறைய வேண்டும். சட்டம் புத்தகத்திலும் வழக்கம் வீட்டிலுமாக இருக்கும் நிலை முழுக்க மாறவில்லை. எட்டாவதோடு, பத்தாவதோடு நிற்கும் பெண் பிள்ளைகள் தூரத்தில் இல்லை. நம் குடியிருப்பில் பாத்திரம் துலக்க, கூட்டிப் பெருக்க, காவல் காக்க வருகிறவர்களின் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

எந்த முறை சிறந்தது என்ற நம் விவாதத்துக்கு சுப்பலட்சுமியின் வாழ்க்கை நேரடியாகத் தீர்ப்பு சொல்லாது. ஆனால் கேள்விகளை வரிசைப்படுத்தித் தருகிறது. முதல் கேள்வி, பெண் பள்ளிக்கு வருகிறாளா, நிற்காமல் வருகிறாளா? இரண்டாவது, படித்து முடித்தால் தன் காலில் நிற்க முடியுமா? மனப்பாடமா, புராஜெக்டா என்பது மூன்றாவது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குப் புராஜெக்ட் நிற்காது, வாய்ப்பாடு மட்டும் தெரிந்த பிள்ளைக்கு வேலை நிற்காது. பெரியவர்கள் கட்சியும் இளையவர்கள் கட்சியும் இதில் சமாதானம் ஆகிவிடலாம்.

முதல் கேள்விக்கு நம்மால் செய்யக்கூடியதாக மூன்று யோசனைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று. நம் சமுதாயக் கூடம் வார நாட்களில் மாலை வரை பூட்டியே கிடக்கிறது. வாரம் மூன்று நாள், மாலை 4 முதல் 6 மணி வரை, இங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் திறந்துவிடலாம். கணக்குப் பாடத்துக்கு நான் வருகிறேன். ஆங்கிலம், அறிவியலுக்கு ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இரண்டு. பத்தாவது முடிக்காத பெண்கள் தனித்தேர்வராக எழுதலாம். விண்ணப்பம் நிரப்பவும் கட்டணத்துக்கும் உதவ நாலு பேர் போதும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இது தெரியாத தாய்மார்கள் நம் வளாகத்திலேயே இருக்கிறார்கள்.

மூன்று. எங்காவது குழந்தைத் திருமணம் நடக்கப் போவதாகக் காதில் விழுந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். கட்டணம் கிடையாது. இந்த எண்ணை நம் அறிவிப்புப் பலகையில் நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் முதல் யோசனையை நான் முறைப்படி முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். எந்தப் பாடம், எந்த நாள் முடியும் என்பதையும் சேர்த்துக் குறிப்பிட்டால் அட்டவணை போட வசதியாக இருக்கும்.